பாதையில்லா ஓடை வழியே மலையுச்சிக்கு: செட்டிநாட்டு நண்பர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரம் கண்மாயும் செம்மண் பொட்டலுமாகச் சமதளமாகவே கிடப்பதால், மலையேற வேண்டும் என்ற ஆசை எழும்போது நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சிங்கம்புணரியை அடுத்த பிரான்மலைதான். பாரி ஆண்ட பறம்பு என்று போற்றப்படும் அம்மலையின் அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயிலும், உச்சியில் தர்காவும் இருப்பதால், அடியார்கள் ஏறிப் பழகிய பாதை ஒன்று அங்கு உண்டு. அத்தகைய பாதையை விட்டு விலகி, மழைநீர் அறுத்த ஓடைப்பள்ளத்தின் வழியே உச்சியை அடைய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். பிரான்மலைக்கு மட்டுமன்றி, அழகர்மலை, சிறுமலை போன்ற பிற மலைகளுக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை அனுமதி. 2018 மார்ச்சில் குரங்கணியில் பரவிய காட்டுத்தீ, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. காப்புக்காட்டு எல்லைக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். அனுமதி கிடைக்காத ஓடையை மறந்துவிட்டு வேறு மலையைத் தேடுவதே முறை. அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்களிடமும் விசாரியுங்கள். எந்த ஓடை பாறைச் சுவரில் முட்டி நிற்கும், எங்கே மலைத்தேன் கூடுகள் தொங்குகின்றன என்பதை எந்த வரைபடத்தையும்விட அவர்கள் நன்கு அறிவார்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்ற காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓடைக்குள் இறங்கவே கூடாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை வெள்ளமாகத் திரண்டு வரக்கூடும். நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மூட்டை முடிச்சுகளைப் பற்றிக் கவலைப்படாமல் உடனே கரைமேல் ஏறிவிட வேண்டும். மார்ச்சுக்குப் பிறகு வெயிலும் காய்ந்த புல்லில் பற்றும் தீயும் அச்சுறுத்தும்.

நான்கு பேருக்குக் குறைந்து செல்லாதீர்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருக்க, இருவர் உதவி தேடி இறங்கலாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், புளிச்சோறு, சீடை, தலைவிளக்கு, நல்ல பிடிமானமுள்ள காலணி, சூரை முள்ளைத் தாங்கும் முழுக்கால் சட்டை ஆகியவை போதும்.

பொழுது விடியும்போதே நடையைத் தொடங்குங்கள். ஓடையில் ஏறும்போது கவனத்தில் கொள்ள வேண்டியவற்றுள் தலையாயது ஒன்று: இறங்க முடியாத இடத்தில் ஏறாதீர்கள். ஏறுகையில் கைப்பிடியும் கால்பிடியும் கண்ணெதிரே தெரியும். இறங்குகையில் காலுக்கு அடியில் இருப்பது தெரியாது. ஆகவே ஆளுயரத்துக்கு மேற்பட்ட பாறைப்படி குறுக்கிட்டால், ஏறுவதற்கு முன் சற்று மேலேறி மீண்டும் கீழிறங்கிப் பாருங்கள். இறங்க வரவில்லையெனில், கொஞ்சம் பின்வாங்கி, மரங்கள் அடர்ந்த பக்கச் சரிவில் ஏறி, அந்தப் படியைக் கடந்தபின் மீண்டும் ஓடையைச் சேருங்கள். பாசி படிந்த பாறை உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் வழுக்கும் என்பதால் அதை மிதிக்காமல் சொரசொரப்பான வெளிறிய பாறையையே தேர்ந்து மிதியுங்கள்.

குறுகிய இடுக்கில் ஒவ்வொருவராகவே ஏற வேண்டும். மேலே இருப்பவரின் காலில் இடறும் கல் நேரே கீழிருப்பவர் தலைக்குத்தான் வரும். கல் உருண்டால் "கல்!" என்று உரக்கக் கூவுவதை எல்லோரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை இரண்டாவதாக விட்டு, அவர் வேகத்துக்கே மற்றவர்கள் நடப்பது நல்லது. அவரைக் கடைசியில் விட்டுவிட்டு முன்னால் போய்க் காத்திருப்பது நட்புக்கும் அழகன்று, பாதுகாப்பும் அன்று.

மேலே போகப் போக ஓடை இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் நின்று, வந்த திசையைத் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அலைபேசியில் இணையமின்றியும் திறக்கும் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொண்டால், எந்தக் கிளை உச்சியை நோக்கியது என்பது விளங்கும். பாறை விளிம்பில் தேன்கூடு தெரிந்தால் ஓசையின்றி விலகிச் செல்லுங்கள். புகையும் வாசனைத் திரவியமும் தேனீயைச் சீண்டும். கையை வைக்குமுன் பாறை இடுக்கைக் கண்ணால் பாருங்கள், ஏனெனில் சுருட்டை விரியன் அத்தகைய இடங்களில் தங்கும். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

காலை பதினொரு மணிக்குள் உச்சி கைக்கெட்டவில்லையெனில், எத்தனை அருகில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். உச்சியை அடைந்தவர்கள் வழிபாட்டிடங்களில் காலணியைக் கழற்றி, சுனைநீரை அழுக்காக்காமல் இளைப்பாறிய பின், அடியார்கள் பயன்படுத்தும் பாதை வழியாகவே இறங்க வேண்டும். களைத்த காலோடு ஓடைக்குள் மீண்டும் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.