எந்த நீல ஒயர், அண்ணா? நெட்வொர்க் அட்மின் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருத்தணியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்பதால் குழந்தை என் மடியில். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கிண்டி அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பையன்.

"அண்ணா, நெட் இல்ல. எந்த ஒயரைப் பிடுங்கிச் சொருகணும்?"

"நீல ஒயர்டா."

"எல்லாமே நீலமாத்தான் இருக்குண்ணா."

குழந்தை அலறுகிறது. ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனோடு, மேலிருந்து எத்தனையாவது நீலம் என்று எண்ணச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தங்கை அதை இன்றுவரை மறக்கவில்லை. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், "அண்ணா வருவியா, இல்ல நீல ஒயர் வந்துடுமா?" என்றுதான் கேட்பாள்.

அன்றைக்கு அந்தப் பையன் மேல்தான் எனக்குக் கோபம். மலையிலிருந்து இறங்கும்போது யோசித்தேன். நெட்வொர்க் கருவிகளை அடுக்கி, ஒயர்களெல்லாம் வந்து சேரும் அலமாரியான அந்த ரேக்கைக் கட்டியது நான். 305 மீட்டர் கேபிள் பெட்டி ஒன்றை வாங்கி, இணைய லைன், சிசிடிவி, போன், மேசைகள் எல்லாவற்றுக்கும் அதே நீலத்தை இழுத்தது நான். ஒன்றில்கூடப் பெயர் ஒட்டாமல் விட்டதும் நான்தான். இந்த வேலையில் வீட்டுக்கு வருகிற போன்களில் பாதிக்கு மேல், எப்போதோ நாமே 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டதற்குக் கட்டுகிற வட்டி.

லேபிள் ஒட்டுவதிலும் தவறு செய்ய முடியும். ஒரு முனையில் மட்டும் ஒட்டினால் மறுமுனையில் நிற்பவருக்குப் பயனில்லை. இரண்டு முனையிலும், சுவரில் இருக்கும் பாயின்ட்டிலும் ஒரே எண் வேண்டும். ஆள் பெயரையோ 'கணக்குப் பிரிவு' என்றோ எழுதாதீர்கள். ஆறு மாதத்தில் அந்தப் பிரிவு வேறு மூலைக்குப் போய்விடும், சுவர் போகாது. 2-14 என்றால் இரண்டாம் மாடி, 14ஆம் பாயின்ட், அவ்வளவு போதும். மாஸ்கிங் டேப்பில் பேனாவால் எழுதி ஒட்டியதெல்லாம் சென்னைப் புழுக்கத்தில் ஒரே கோடையில் பசை இளகி ரேக்குக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும். லேபிள் பிரின்டர் ஒன்று வாங்கித் தரச் சொல்லி நிர்வாகத்தை நச்சரிப்பது தப்பே இல்லை. அப்புறம் நிறம்: இணைய லைனுக்குச் சிவப்பு, கேமராவுக்குப் பச்சை என்று ஏதாவது ஒரு முடிவு எடுத்து, அதை ஒரு தாளில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். "சிவப்பு ஒயர்" என்று போனில் சொல்ல மூன்று விநாடிதான் ஆகும்.

இதே குணத்தின் இன்னொரு முகம், பாஸ்வேர்டுகளைத் தலைக்குள்ளேயே வைத்திருப்பது. நாம் இல்லாமல் நடக்காது என்பது பெருமை போலத்தான் தெரியும். வேலைக்கும் பாதுகாப்பு என்று தோன்றும். ஒரு மழைக்காலத்தில் டெங்கு வந்து படுத்தேன். ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, மறு கையால் அலுவலக நெட்டுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலின் பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக மெசேஜில் அடித்தேன். நர்ஸம்மா பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. பாஸ்வேர்டை மெசேஜில் அனுப்பியது தனித் தவறு, அதற்காகவும் வெட்கப்படுகிறேன். பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றில் போட்டு, அதைத் திறக்கும் சாவியை ஒட்டிய உறையில் வைத்து, மேலாளரின் பெட்டகத்தில் கொடுத்துவிடுவதுதான் முறை.

அடுத்தது, வீட்டிலிருந்தபடி ராத்திரியில் செய்கிற 'சின்ன' மாற்றம். எனக்கு வீடு குரோம்பேட்டை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு மேல், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல், அலுவலக சுவிட்சில், அதாவது எல்லா ஒயர்களையும் இணைக்கும் பெட்டியில், ஒரு புது விலானை (அதே சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) சேர்க்க உட்கார்ந்தேன். சிஸ்கோ சுவிட்ச் தெரிந்தவர்களுக்கு அடுத்த வரி தெரிந்திருக்கும். பல விலான்களும் ஒரே ஒயரில் போகும் ட்ரங்க் போர்ட்டில், அனுமதித்த விலான்களின் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது 'ஆட்' என்ற ஒரு சொல்லையும் போட வேண்டும். போடாமல் விட்டால், பழைய பட்டியல் மொத்தமும் போய், நீங்கள் அடித்த ஒரே ஒரு எண் மட்டும் நிற்கும். நான் உள்ளே வந்த வழியும் அந்தப் பழைய பட்டியலில்தான் இருந்தது. திரை அப்படியே உறைந்தது. கடைசி மின்சார ரயிலைப் பிடிக்க முடியாது. ஜிஎஸ்டி ரோட்டில் வண்டியை விரட்டிக்கொண்டு போய், வாட்ச்மேனை எழுப்பி, சுவிட்சோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளைச் சொருகிச் சரிசெய்ய இரண்டு நிமிடம். வீடு திரும்பியபோது ராத்திரி இரண்டு மணி.

இதற்கு ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது. தொலைவிலிருந்து கைவைக்கும் முன், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பைச் சேமித்துவிட்டு, 'ரீலோட் இன் 10' என்று கொடுத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானாக மறுபடி எழும். சேமிக்காத உங்கள் மாற்றம் கலைந்து பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் அதற்குள் ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமிக்க வேண்டியதுதான். ஜூனிப்பர் கருவிகளில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்று இதையே இன்னும் அழகாகச் செய்யலாம். இதன் மறுபக்கத் தவறு, மாற்றம் சரியாக வேலை செய்த சந்தோஷத்தில் சேமிக்காமலே எழுந்துவிடுவது. மூன்று மாதம் கழித்து ஒரு மின்வெட்டில் சுவிட்ச் அணைந்து எழும்போது அந்த மாற்றம் இருக்காது. என்ன மாற்றினோம் என்பதும் நமக்கு நினைவிருக்காது.

மேசைக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பாயின்ட் போதவில்லை என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்றை வாங்கி வைத்துவிடுகிறோம். வீட்டைப் பெருக்குபவர் போல அக்கறையாக யாரோ ஒருவர், தரையில் தொங்கும் கேபிள் முனையைக் கண்டு, அதே சுவிட்சின் காலி ஓட்டையில் சொருகிவிடுகிறார். இரண்டு முனையும் ஒரே சுவிட்சில். நெட்டில் போகும் தகவல் பொட்டலமான ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு, ஒவ்வொரு ரூட்டரிலும் குறைந்து கடைசியில் செத்துவிடும். அதைச் சுமந்துகொண்டு அலுவலக ஒயர்களில் ஓடும் ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அப்படி எதுவும் இல்லை. எல்லோருக்குமான ஒரு ஃப்ரேம் அந்த வளையத்தில் மாட்டினால் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே, பிரதியெடுத்துக்கொண்டே இருக்கும். சில விநாடிகளில் மாடி முழுக்க நெட் படுத்துவிடும். மெயின் சுவிட்சில் வளையத்தைக் கண்டு அடைக்கும் ஸ்பானிங் ட்ரீ, மேசைப் போர்ட்டுகளில் சுவிட்சுகளின் சிக்னல் வந்தால் போர்ட்டை மூடும் பிபிடியு கார்டு, ஃப்ரேம் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டார்ம் கன்ட்ரோல் மூன்றையும் போட்டு வைத்தால் அந்த ஒரு போர்ட் மட்டும் அடங்கும். வீட்டு வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து சொருகுகிறவர்களும் உண்டு. அது தன் பங்குக்கு எல்லோருக்கும் ஐபி முகவரி வழங்க ஆரம்பித்துவிடும். பாதிப் பேருக்கு நெட் இருக்கிறது, பாதிப் பேருக்கு இல்லை என்றால் முதலில் முகவரியைப் பாருங்கள். உங்கள் அலுவலகத்துக்குச் சம்பந்தமில்லாத 192.168.0 என்று தொடங்கினால் ஆள் எங்கேயோ மேசைக்கடியில் இருக்கிறார்.

சென்னைக்கே உரிய தவறுகள் தனி. இரண்டு நிறுவனங்களிடம் இணைய லைன் வாங்கிவிட்டோம், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும் என்று நிம்மதியாக இருப்போம். இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே வேப்பமரக் கிளையைச் சுற்றிக்கொண்டு வருவதை அண்ணாந்து பார்த்திருக்க மாட்டோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது நகரெங்கும் மரங்கள் சாய்ந்தன. மேலே தொங்கிய கேபிள்களும் கூடவே போயின. அன்றைக்கு இரண்டு லைன் இருந்தது எனக்குப் பில்லில் மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது லைன் வாங்கும்போது எந்தத் தெரு வழியாக, கட்டடத்தின் எந்தப் பக்கமாக வருகிறது என்று கேளுங்கள். முடிந்தால் ஒன்று மண்ணுக்கடியிலும் ஒன்று வயர்லெஸ்ஸாகவும் இருக்கட்டும். 2015 வெள்ளத்துக்கு அப்புறமும் யுபிஎஸ்ஸையும் பேட்டரியையும் தரைத்தளத்தில் வைத்திருக்கும் அலுவலகங்களைப் பார்க்கிறேன். கனம் அதிகம், மாடிக்கு ஏற்ற முடியாது என்பார்கள். குறைந்தது இரும்பு ஸ்டாண்டு போட்டு முழங்காலுக்கு மேலாவது தூக்கி வைக்கலாம்.

வெயில் இன்னும் மோசமான எதிரி, ஏனென்றால் சத்தமில்லாமல் கொல்லும். யுபிஎஸ்ஸில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரிகளின் ஆயுள் 25 டிகிரிக் கணக்கில்தான் சொல்லப்படுகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் சுமார் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. அக்னி நட்சத்திர நேரத்தில் ஏசி இல்லாத படிக்கட்டு அடியில் பேட்டரியை வைத்துவிட்டு, "போன வருஷம்தானே மாத்தினோம்" என்றால் என்ன செய்வது? சர்வருக்கு யுபிஎஸ் உண்டு, ஏசிக்கு இல்லை என்ற ஏற்பாடும் அப்படித்தான். கரண்ட் போனதும் மூடிய அறையில் சர்வர் தன் சூட்டிலேயே வேகும். யுபிஎஸ் தாங்குமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒரு சனிக்கிழமை சொல்லிவிட்டு மெயினை அணைத்துப் பார்ப்பது.

அப்டேட்டையும் பேக்கப்பையும் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. எப்போதும் சொருகியே இருக்கும் ஹார்டு டிஸ்க் பேக்கப் ஆகாது. சர்வரைப் பூட்டுகிற ரேன்சம்வேர் அதையும் பூட்டும். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பும் வெறும் நம்பிக்கைதான். தாக்குதல் நடந்தால் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022இல் வெளியிட்ட உத்தரவுப்படி, அது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், கருவிகளில் நடந்தவற்றின் பதிவான லாக்கை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும்.

ஆயுத பூஜையன்று சர்வர் அறைக்குள் கற்பூரம் காட்டுவதும் தவறுதான். புகை அலாரம் அடித்து, பொரியும் சுண்டலுமாக மொத்த அலுவலகமும் தெருவில் நின்ற கதை எங்களுடையது. இப்போதெல்லாம் ரேக் கதவில் சந்தனம் குங்குமம், தீபாராதனை வெளியே. காற்றுத் துளைகளில் சந்தனம் அப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வருவோம். நம் ஆட்கள் சொல்லும் மிகப் பெரிய பொய், "அஞ்சே நிமிஷம்". பொண்டாட்டி கிளம்பி நிற்பாள், பிள்ளை ஷூ போட்டிருக்கும், நாம் லேப்டாப்பைத் திறந்து "அஞ்சு நிமிஷம்" என்போம். எவ்வளவு நேரமாகும் என்று தெரியவில்லை என்றால் அதையே சொல்லி, "நீங்க முன்னாடி போங்க, நான் ஆட்டோல வந்துடறேன்" என்பது கொஞ்சம் நேர்மை. ராத்திரி இரண்டு மணிக்கு பிரின்டரில் டோனர் குறைகிறது என்று போனை அலறவிடும் அலர்ட்டுகளை நிறுத்துங்கள். எழுந்து ஏதாவது செய்தே ஆக வேண்டியதற்கு மட்டும் சத்தம், மற்றதெல்லாம் காலையில் மெயிலில். இல்லாவிட்டால் நிஜமாகவே லைன் போகும் நாளில் பழக்கத்தில் திரும்பிப் படுத்துவிடுவோம். முறை வைத்துப் போன் எடுக்க இன்னொருவரைப் பழக்குவதும் இதோடு சேர்ந்தது. அவர் திணறுவார், தப்பும் செய்வார். விடுங்கள்.

வீட்டு வைஃபையைச் சோதனைக்கூடம் ஆக்குவது என் சொந்தத் தவறு. மகளுக்கு ஆன்லைன் பரீட்சை இருந்த காலையில் நான் ரூட்டரில் புது ஃபர்ம்வேர் (அதன் உள் மென்பொருள்) ஏற்றிக்கொண்டிருந்தேன். சோதனைக்கு ஒரு பழைய ரூட்டரைத் தனியாக வைத்துக்கொண்டு, வீட்டு லைனைத் தொடுவதில்லை என்று அன்றோடு முடிவானது. அன்றே வீட்டு மோடத்தின் மேலும் ஒரு லேபிள் ஒட்டினேன்: 'லாஸ் என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை. அணைத்துப் போட்டுப் பயனில்லை. இந்த நம்பருக்குக் கூப்பிடவும்.'

போன வாரம் அலுவலகத்தில் இருந்தபோது அம்மா கூப்பிட்டார். "நெட் போச்சுடா. சிவப்பு லைட்டு எரியுது. கம்ப்ளெய்ன்ட் குடுத்து நம்பர் வாங்கிட்டேன், நாலு மணிக்கு ஆள் வர்றானாம். நீ ஒண்ணும் செய்ய வேணாம், வரும்போது கொத்தமல்லி மட்டும் வாங்கிட்டு வா."