‘லவ் லெட்டர்’ ஆடக் கற்றுக்கொள்வோம்: வீட்டுச் சீட்டுக்கட்டே போதும்

இளவரசி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். அவளிடம் நம் காதல் கடிதத்தைச் சேர்க்க வேண்டும். நேரே போக வழியில்லை. அரண்மனை ஆள் ஒருவர் கையில்தான் கொடுத்தனுப்ப வேண்டும். ஜப்பானின் செய்ஜி கனாய் உருவாக்கி 2012இல் வெளிவந்த ‘லவ் லெட்டர்’ ஆட்டத்தின் கதை இவ்வளவுதான். இரண்டு முதல் நான்கு பேர் ஆடலாம். பின்னால் வந்த பதிப்பில் 21 சீட்டு உண்டு. ஆனால் புதிதாகக் கற்பவர்களுக்குப் பழைய 16 சீட்டு ஆட்டமே நல்லது.

பெட்டி இல்லையா? சாதாரணச் சீட்டுக்கட்டை எடுங்கள். நான்கு ஏஸ், ஒரு ஜோக்கர்: இந்த ஐந்தும் எண் 1. பிறகு 2, 3, 4, 5 இரண்டிரண்டு. 6, 7, 8 ஒவ்வொன்று.

முதலில் கலைத்து, ஒரு சீட்டை யாரும் பார்க்காமல் ஓரமாகக் கவிழ்த்து வையுங்கள். இரண்டே பேர் என்றால் இன்னும் மூன்றைத் திறந்து வைத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு சீட்டு கொடுங்கள். உங்கள் முறை வந்தால் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, கையில் உள்ள இரண்டில் ஒன்றைத் திறந்து போட்டு, அது சொல்வதைச் செய்ய வேண்டும்.

1, காவலன்: ஒருவரைக் காட்டி அவர் சீட்டு என்னவென்று ஊகிக்கலாம். சரியாக இருந்தால் அவர் அவுட். ‘காவலன்’ என்று மட்டும் ஊகிக்கக் கூடாது.
2, பாதிரியார்: ஒருவர் கையை நீங்கள் மட்டும் பார்க்கலாம்.
3, பிரபு: ஒருவரோடு ரகசியமாக ஒப்பிட வேண்டும், சிறிய எண் அவுட்.
4, தோழி: உங்கள் அடுத்த முறை வரை யாரும் உங்களைத் தொட முடியாது.
5, இளவரசன்: உங்களையும் சேர்த்து யாராவது ஒருவர் கைச்சீட்டைப் போட்டுவிட்டுப் புதிது எடுக்க வேண்டும்.
6, அரசன்: ஒருவரோடு சீட்டை மாற்றிக்கொள்ளலாம்.
7, சீமாட்டி: கையில் இவளோடு 5 அல்லது 6 இருந்தால் இவளைத்தான் போட வேண்டும்.
8, இளவரசி: எப்படிக் கீழே விழுந்தாலும் நீங்கள் அவுட்.

கட்டு தீரும்போது பெரிய எண் வைத்திருப்பவருக்குச் சுற்று. அதற்குமுன் மற்ற எல்லோரும் அவுட்டானால் மிச்சமிருப்பவருக்கு. இரண்டு பேர் ஆடினால் ஏழு சுற்றும், மூன்று பேர் என்றால் ஐந்தும், நான்கு பேர் என்றால் நான்கும் முதலில் வெல்பவரே வெற்றியாளர்.

விதிகள் அவ்வளவுதான். ஆனால் ஆட்டமே மேசையில் திறந்து கிடக்கும் சீட்டுகளில்தான் இருக்கிறது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்று போட்டு மூடாமல், அவரவர் முன்னால் வரிசையாக வையுங்கள். பிரபுவைப் போட்டு அக்காவும் தம்பியும் ஒப்பிட்டதில் தம்பி தோற்று 5ஐத் திறந்து வைக்கிறான் என்று வையுங்கள். அப்படியானால் அக்கா கையில் 6, 7, 8 மூன்றில் ஒன்றுதான்! அதில் 7 ஏற்கெனவே கீழே இருந்தால் மிச்சம் இரண்டே. அடுத்து காவலன் உங்களிடம் வந்தால் யோசிக்காமல் அக்காவைக் காட்டுங்கள். எந்தத் துப்பும் இல்லாத முதல் முறையில் 2 முதல் 5க்குள் ஊகிப்பதே மேல், அவை இரண்டிரண்டு இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தவள் சீமாட்டி. ஒருவர் 7ஐப் போட்டதுமே ‘கையில் அரசனோ இளவரசனோ இருக்கிறான்’ என்று எல்லோரும் நினைப்பார்கள். கட்டாயம் இல்லாதபோதும் அவளைப் போடலாம் என்பதுதான் விஷயம். கையில் 8 இருக்கும்போது 7ஐப் போட்டுப் பாருங்கள்: மற்றவர்கள் 5, 6 என்று ஊகித்தே காவலர்களைத் தீர்த்துவிடுவார்கள். இரண்டு 5ம் ஒரு 6ம் ஏற்கெனவே திறந்து கிடந்தால் மட்டும் இந்த வேலை செய்யாதீர்கள், குட்டு உடனே உடைந்துவிடும். கட்டு தீரப்போகும் நேரத்தில் சின்னச் சீட்டை வைத்துக்கொண்டு 7ஐ விடுவதும் வேண்டாம். கடைசி ஒப்பீட்டில் அந்த 7தான் உங்களைக் காப்பாற்றும்.