ஃபிளட்டரா, ரியாக்ட் நேட்டிவா: எதை எடுப்பது?

ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஒரே கோடில் ஆப் செய்யப் போகிறீர்களா? ஃபிளட்டரும் ரியாக்ட் நேட்டிவும் அதற்கான கருவிகள். முதலில் உங்களுக்கு என்ன மொழி தெரியும் என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியும், அதில் இணையப் பக்கங்கள் செய்ய உதவும் ரியாக்ட்டும் கைப்பழக்கமாக இருந்தால் ஃபேஸ்புக் 2015-இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் சரி. அது போனின் சொந்த பட்டன்களையே பயன்படுத்துகிறது. கூகுளின் ஃபிளட்டர் அப்படியில்லை, திரையில் தெரியும் ஒவ்வொன்றையும் தானே வரைந்துகொள்கிறது, அதனால் பழைய போனிலும் புதிய போனிலும் டிசைன் ஒரே மாதிரி வரும், ஆனால் டார்ட் மொழியைப் புதிதாகக் கற்க வேண்டும் (ஜாவா தெரிந்தவர்களுக்கு ஒரு வாரம் போதும் என்பது என் கணக்கு). ஏற்கெனவே காட்லின் மொழியில் ஆண்ட்ராய்டு ஆப் வைத்திருப்பவர்கள் எதையும் தூக்கிப் போடாமல் காட்லின் மல்டிபிளாட்ஃபார்மை எடுத்து, சர்வரோடு பேசும் பகுதியை மட்டும் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் பொதுவாக்கிக்கொள்ளலாம். இதே வேலைக்கான மைக்ரோசாஃப்டின் பழைய கருவி ஸமரின்? வேண்டாம், அந்த நிறுவனமே 2024 மே மாதத்தோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

முடிவெடுக்கும் முன் உங்கள் ஆப்பிலேயே சிக்கலான ஒரு வேலையை, ப்ளூடூத்தோ பின்னணியில் ஓடும் லொகேஷனோ, ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் இரண்டிலும் செய்து, விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் ஓட்டிப் பாருங்கள். லாகின் பக்கம் எல்லாவற்றிலும் அழகாகத்தான் வரும். அப்புறம், எதை எடுத்தாலும் ஐபோனுக்கு பில்ட் செய்ய ஒரு மேக் வேண்டும், சொந்தமாகவோ வாடகைக்கோ.