எல்லைத் தகராறுக்குப் பழைய ஆவணம் தேடுபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

ஒகேனக்கல்லில் காவிரி நடுவே உள்ள எந்தத் திட்டு தமிழகத்துக்கு, எது கர்நாடகத்துக்கு என்ற பேச்சு 2008-ல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஒட்டிச் சூடு பிடித்தது. இப்படிப் பேச்சு கிளம்பினாலே சேலத்தில் யாராவது ஒருவர் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையைத் தூக்கிக்கொண்டு வருவார். பாராமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வந்தது அதில்தான் என்பதால், நம்மூர்க்காரர்களுக்கு அதன் மேல் ஒரு பாசம். ஆனால் அதன் அட்டவணையில் இருப்பவை சீமைகளின் பெயர்களும் அவற்றின் வருவாயும்தான். எல்லைக்கோடு எந்தப் பாறையைத் தொட்டுப் போகிறது என்று அதில் தேடிப் பயனில்லை.

பழசு என்பதாலேயே ஒரு காகிதம் வலுவாகிவிடாது. அரசியலமைப்பின் 3-ம் பிரிவுப்படி மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான். ஆகவே கடைசியாக வந்த சட்டத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகாவை மைசூருக்கு, அதாவது இன்றைய கர்நாடகத்துக்கு, கொடுத்தது. கொடுத்தது தாலுகாவாக, கோடு போட்டு அல்ல. எனவே முதல் கேள்வி, 1956 அக்டோபர் 31 அன்று அந்தத் தாலுகாவின் ஓரம் எங்கே இருந்தது என்பதே.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அந்தத் தேதி வரை ஒகேனக்கல்லில் ஆற்றின் இரு கரையும் சென்னை மாநிலம்தான்: இடக்கரை சேலம் மாவட்டம், வலக்கரை கோயம்புத்தூர் மாவட்டம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து 1890-களின் ‘சென்னை–மைசூர் எல்லை’ கோப்பைக் கேட்டால் இந்த இடத்துக்கு என்ன கிடைக்கும்? கேட்க வேண்டியது சேலம்–கோயம்புத்தூர் எல்லை பற்றிய நில அளவை, நிலவரித்திட்டக் கோப்புகளை. ஓசூர்–ஆனேக்கல் பக்கம் கதை வேறு. அங்கே இருப்பது பழைய மைசூர் எல்லை, மைசூரோடு நடந்த கடிதப் போக்குவரத்தே துணை. தர்மபுரி என்ற தலைப்பில் மட்டும் தேடுவதும் வீண்; அந்த மாவட்டம் பிறந்ததே 1965-ல். அதற்கு முந்தைய கோப்புகளெல்லாம் சேலம் பெயரில்தான் இருக்கும்.

வருவாய்த்துறைக் கணக்குகளில் வரும் பசலி ஆண்டு இன்னொரு பொறி. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஜூலை மாதத்தின் ஆண்டு வரும். பசலி 1366 என்பது 1956 ஜூலையிலிருந்து 1957 ஜூன் வரை. மாநிலம் பிரிந்த நவம்பர் 1 அதன் நடுவில் விழுகிறது. பிரிவினைக்கு முந்தைய நிலை என்று சொல்லி 1366 அடங்கலை (கிராமத்தின் புலவாரிச் சாகுபடிக் கணக்கை) நீட்டினால், எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார். எடுக்க வேண்டியது 1365.

வரைபடத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளப்பவர்களும் உண்டு. மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய நிலவரைபடத்தில் அரை மில்லிமீட்டர் கோட்டின் தடிமனே தரையில் முப்பது மீட்டரைத் தாண்டும். ஒரு சின்னத் திட்டு அதற்குள்ளேயே காணாமல் போய்விடும். கிராம வரைபடமும் ஒவ்வொரு புலத்தின் அளவையும் காட்டும் எஃப்.எம்.பி. என்ற புல அளவைப் புத்தகமும் இல்லாமல் இந்த வேலை ஆகாது. அவற்றிலும் ஆற்றுப் புறம்போக்குக்கு எந்தக் கிராமத்தில் புல எண் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கரையோடு கிராமம் முடிகிறதா, ஆற்றுக்குள்ளும் போகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கீழே மேட்டூர்ப் பக்கம் போனால், 1934-ல் அணை முடிவதற்கு முந்தைய படத்தில் உள்ள கரையை இன்றைய கரையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கற்களை நம்புவதிலும் நிதானம் வேண்டும். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவரைக் கேளுங்கள்: சர்வே கல் ஒன்று, காப்புக்காட்டு ஓரத்தில் வனத்துறை அடுக்கிய கற்குவியல் ஒன்று, தாத்தா நட்ட கல் ஒன்று என்று வரிசையாகக் காட்டுவார். மூன்றும் மூன்று வேலைக்கு. 1882 சென்னை வனச் சட்டத்தின் கீழ் அறிவித்த காட்டு எல்லை எல்லா இடத்திலும் கிராம எல்லையோடு ஒட்டி ஓடுவதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நம் பக்கத்துக் காகிதத்தோடு நிறுத்திக்கொள்வது. கொள்ளேகால் பக்கத்து ஆவணங்களையும் கன்னடம் படிக்கத் தெரிந்தவரோடு உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். ஆற்றின் ஒரே துண்டை இரண்டு பக்கமும் தங்கள் கணக்கில் எழுதியிருக்கலாம், இரண்டு பக்கமும் விட்டிருக்கலாம். மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் வழக்கென்றால் 131-ம் பிரிவின்படி நேரே உச்ச நீதிமன்றம்தான். அங்கே செல்போனில் எடுத்த படம் போதாது. அரசாணை எண், தேதி, பக்கம் மூன்றையும் அன்றே குறித்துக்கொண்டு, சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுவிட்டு வாருங்கள்.