தாக்குதல் நடந்த இடத்தில் நல்ல மனசோடு செய்கிற தவறுகள்

பொது இடத்தில் தாக்குதல் என்றால் பெரிய நகரங்களைத்தான் நினைக்கிறோம். ஆனால் 2024 மே 17 அதிகாலையில் தாக்கப்பட்டது மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து உலு திராம் காவல் நிலையம். இரண்டு போலீஸ்காரர்கள் உயிரிழந்தார்கள். பேராக் மாநிலத்து நம் சுங்கை சிப்புட்டில் ஒரு திருவிழாக் கூட்டத்தில் அப்படி ஏதாவது நடந்தால், உதவி செய்ய ஓடி வரும் நாமே மீட்புப் படைகளுக்குக் குறுக்கே நின்றுவிடக்கூடாது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

தவறு தொலைபேசியிலேயே தொடங்கிவிடுகிறது. ஸ்டேஷனில் தெரிந்தவர், தாமான் (குடியிருப்பு) தலைவர், மச்சான் என்று வரிசையாகக் கூப்பிட்டுவிட்டு அப்புறம்தான் அவசர உதவி எண் 999. முதலில் 999-ஐ அழையுங்கள், அங்கிருந்துதான் போலீஸ், பொம்பா (தீயணைப்புப் படை), ஆம்புலன்ஸ், பொதுத் தற்காப்புப் படை என்று யார் யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்குத் தகவல் போகும். 'மாரியம்மன் கோயில் பக்கத்துல' என்றால் போதாது, தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் இருக்கிறாள். தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், எந்த கேட் திறந்திருக்கிறது, செம்பனைக் காட்டுப் பாதையில் தீயணைப்பு லாரி நுழையுமா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். கோயில் நிர்வாகத்தினரே, திருவிழாவன்று வண்டி வரும் வழியில் கடை போட விடாதீர்கள். தயவுசெய்து.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. போலீஸ் உள்ளே போய்விட்டது, ஆம்புலன்ஸ் மட்டும் தள்ளி நிற்கிறது என்றால் நம் ஆட்களுக்குக் கோபம் வரும், கயிற்றைத் தாண்டி ஓடுவார்கள். அங்கே நடப்பது இதுதான்: இடம் மூன்று வட்டங்களாகப் பிரிக்கப்படும். சிவப்பு வட்டத்தில் ஆபத்து இன்னும் இருக்கலாம், தாக்கியவன் ஒளிந்திருக்கலாம், இரண்டாவது வெடிகுண்டு இருக்கலாம். அங்கே ஆயுதப் போலீசும் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவும்தான் முதலில். மஞ்சளில் கட்டளை மையமும் மருத்துவ முகாமும், பச்சையில் குடும்பத்தாரும் செய்தியாளர்களும். நீங்கள் சிவப்புக்குள் ஓடினால் உங்களையும் காப்பாற்ற இரண்டு பேர் வேண்டும், அதோடு ஆயுதம் ஏந்தியவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. போலீசின் வி.ஏ.டி. 69 கமாண்டோ படை பக்கத்து உலு கிந்தாவில்தான் இருக்கிறது என்றாலும், முதலில் வந்து சேர்பவர்கள் நம் ஊர் ஸ்டேஷன்காரர்களாகவே இருப்பார்கள். அவர்கள் கைகாட்டும் பக்கம் நகருங்கள்.

அதற்காகக் காத்திருப்பதெல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். 2017 மே 22 இரவு இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தபோது, தீயணைப்புப் படை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. துணிவில்லாமல் இல்லை. தாக்குதல்காரன் இன்னும் திரிகிறான் என்ற கணிப்பில் போலீஸ் எடுத்த முடிவு மற்ற படைகளுக்குச் சொல்லப்படவில்லை, ஒவ்வொரு படையும் வெவ்வேறு இடத்தில் கூடியது, பொறுப்பாளர்கள் ஒரே இடத்தில் நின்று பேசவே இல்லை; பின்னர் நடந்த விசாரணை இதைக் கடுமையாகச் சொன்னது. ஆகவே போலீஸ், பொம்பா, மருத்துவத் தலைவர்கள் மூவரும் சேர்ந்து நிற்கும் இடத்தில் போய், 'என் தம்பி எங்கே' என்று ஆளாளுக்கு மொய்க்காதீர்கள். அந்தப் பேச்சு தடைபட்டால் உள்ளே கிடப்பவர்களுக்குத்தான் நேரம் போகிறது.

மருத்துவக் குழு முதலில் பார்ப்பது கத்துகிறவரை அல்ல. சத்தமே இல்லாமல் கிடப்பவருக்கு மூச்சு இருக்கிறதா, ரத்தம் எவ்வளவு போகிறது என்று பார்த்து யாருக்கு அவசரம் என்று காட்டும் நிற அட்டை கட்டிக்கொண்டே போவார்கள். எங்க மாமாவை முதலில் பாருங்க என்று சட்டையைப் பிடித்து இழுப்பது அந்த வரிசையையே குலைத்துவிடும். காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ரத்தம் பீறிடும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து இரண்டு கையாலும் பலமாக அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

காயம்பட்டவர்களை ஆளுக்கொரு காரில் அள்ளிப்போட்டு ஊர் மருத்துவமனைக்கு ஓடினால், பெரிய அறுவை சிகிச்சைக்கு மறுபடி ஈப்போவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும், அங்கே கூட்டமும் குவியும். விஷ வாயு என்றால் இன்னும் மோசம். 1995 மார்ச் 20 தோக்கியோ ரயில்களில் சரின் வாயு பரவியபோது பலர் நடந்தும் டாக்சியிலும் நேரே மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்கள் உடையிலிருந்த நஞ்சு சிகிச்சை தந்த பணியாளர்களையும் பாதித்தது. விசித்திரமான நாற்றம், கண் எரிச்சல், பலர் ஒரே நேரத்தில் சுருண்டு விழுவது என்று ஏதாவது தெரிந்தால் 999-இல் அதை முதலில் சொல்லுங்கள். பொம்பாவின் ரசாயனப் பிரிவு வேறு கவச உடையோடு வர வேண்டும்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) 'இன்னார் கூட்டம்தான் செய்தது' என்று பரப்புவது? 2016 ஜூன் 28 பூச்சோங் கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு வெடித்து 8 பேர் காயமடைந்தபோது முதலில் தொழில் பகை என்றே பேசப்பட்டது, ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் தொடர்பைப் போலீஸ் உறுதிசெய்தது சில நாட்கள் கழித்துத்தான். பல இனமாகக் கூடி வாழும் ஊரில் ஒரு தவறான பெயர் போதும். நேரலையும் வேண்டாம், போலீஸ் எங்கே பதுங்கி நிற்கிறது என்பதை உள்ளே இருப்பவனுக்கும் அது காட்டிக்கொடுக்கும். எடுத்த காணொளியை அழித்துவிடாமல் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு விட்டுவந்த செருப்பையும் கைப்பேசியையும் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள், தடயவியல் குழு வேலை முடிக்கும்வரை அது எல்லாமே சாட்சி. வீட்டுப் பிள்ளைகள் தூங்காமல் கிடந்தால் காலம் போனால் சரியாகும் என்று விடாமல், சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல எண்ணை அழைத்துப் பேசுங்கள்.