பைக்குல்லா அருங்காட்சியகத்துக்குக் குழுவாகச் செல்வோருக்கு

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை பைக்குல்லாவின் மிருகக்காட்சி சாலைத் தோட்டமான ராணி பாக்குக்குப் போவது பெங்குவின்களைப் பார்க்கத்தான். அதே வளாகத்தில் இருக்கும் டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தைப் பலர் வெளியில் இருந்தே பார்த்துவிட்டு நடந்துவிடுகிறார்கள். 1872இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, அதை உருவாக்க உழைத்த மருத்துவரின் பெயரை 1975இல் பெற்ற இந்தக் கட்டடம், இந்நகரின் வரலாற்றைச் சொல்வதற்கென்றே இருக்கிறது. தமிழ்ச் சங்கத்தாரோ குடியிருப்புக்காரர்களோ குழுவாகச் செல்ல விரும்பினால், நாளைக் குறித்துவிட்டு நிகழ்ச்சியைத் தேடாமல், நிகழ்ச்சியைப் பார்த்து நாளைக் குறிப்பதே நல்லது.

வழிகாட்டியுடன் சுற்றிப் பார்த்தல், குழந்தைகளுக்கான பயிலரங்கு, உரை, தற்காலிகக் கண்காட்சி என நிகழ்ச்சிகள் பலவகை. புதன்கிழமை விடுமுறை. பராமரிப்புப் பணிக்காகச் சில பகுதிகள் மூடப்படுவதும் உண்டு என்பதால், புறப்படும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். குழுவில் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். விளக்கம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராத்தியிலோதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, பெரியவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவரை அமர்த்தி, அவரை ஒருமுறை முன்னதாகப் போய்ப் பார்த்துவரச் செய்வது பயன் தரும்.

சயானிலிருந்தோ மாட்டுங்காவிலிருந்தோ சென்ட்ரல் லைன் ஸ்லோ வண்டியில் பைக்குல்லாவில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வந்தால், நடக்கும் தூரம்தான். மிருகக்காட்சி சாலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெங்குவினைப் பார்த்த பிள்ளைகளை அதன்பிறகு எந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னும் நிறுத்த முடியாது.

உள்ளே நுழையும் முன் வெளியே நிற்கும் கல் யானையிடம் சற்று நேரம் செலவிடலாம். மும்பையை அடுத்த கடலில் உள்ள காராப்புரித் தீவுக்குப் போர்த்துக்கீசியர் எலிபெண்டா என்று பெயரிட்டது, அப்போது அங்கே நின்ற இந்த யானையைப் பார்த்துத்தான். 1864இல் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்றபோது பாரந்தூக்கி முறிந்து, யானை துண்டுதுண்டாயிற்று. பின்னர் துண்டுகளைச் சேர்த்து நிறுத்தினார்கள். ஒட்டுகள் எங்கே என்று பிள்ளைகளைத் தேடச் சொன்னால், வழிகாட்டி பேசத் தொடங்கும் முன்பே அவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

தற்காலிகக் கண்காட்சிக்காகவே போனாலும் நிரந்தரக் காட்சியை முதலில் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இங்கு அழைக்கப்படும் இன்றைய கலைஞர்கள் பலர் தங்கள் படைப்புகளைப் பழைய பொருள்களுக்கு மறுமொழியாகவே செய்கிறார்கள். சுதர்சன் ஷெட்டி, ஜிதிஷ் கல்லத் போன்றோர் அவ்வாறு இங்கே காட்சி வைத்திருக்கிறார்கள். மூலத்தைப் பார்க்காதவருக்கு மறுமொழி விளங்காது. மாடியில் உள்ள சிறு களிமண் உருவங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள்: அந்நாளைய பம்பாயின் பல சமூகத்தாரையும் தொழிலாளரையும், உடையும் தலைப்பாகையும் மாறாமல், கையளவில் செய்து வைத்திருக்கிறார்கள். நகரின் பழைய வரைபடங்களின் முன் தாராவிப் பெரியவர் ஒருவரை நிறுத்தி, தாம் வந்து குடியேறிய இடம் அதில் எங்கே வருகிறது என்று கேளுங்கள். சதுப்பு நிலமும் தோல் பதனிடும் தொழிலும் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால், வழிகாட்டியையும் அருகே அழைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் முதியவர்களை நிற்க வைக்க வேண்டாம். உரை நிகழ்ச்சி மாலையில் இருந்தால், இடையில் தோட்டத்து நிழலில் உட்கார வைத்து, கையோடு கொண்டுவந்த உணவைச் சாப்பிடலாமா என்பதை வாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.