தானியங்கி பிரேக் உள்ள கார் வாங்கினீர்களா? ஏ9 வீதிக்கு ஏற முன் செய்யவேண்டியவை

முன்னால் மோதப்போவதை உணர்ந்து கார் தானே பிடிக்கும் பிரேக்தான் தானியங்கி பிரேக். ஜப்பானில் 2021 நவம்பரிலிருந்து புதிதாக அறிமுகமாகும் உள்நாட்டுக் கார் மாதிரிகளுக்கு அது கட்டாயம். அதற்கு முன்னரே வந்து, ஜப்பானிலிருந்து இங்கே இறக்குமதியான வேகன்ஆர், விட்ஸ், வெசல் கார்கள் பலவற்றிலும் அது உண்டு. ஆனால் கையேடு ஜப்பான் மொழியில் இருப்பதால், வாங்கியவருக்குத் தன் கார் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிவதில்லை. கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 போன்ற வன்னி வீதிகளில் அது தெரியாமல் ஓடுவது ஆபத்து.

1. காரின் கண் எங்கே என்று பாருங்கள்

காருக்கு முன்னால் நின்று, உள்கண்ணாடிக்குப் பின்னால் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பெட்டியைக் கவனியுங்கள். சிறிய ஒற்றை வில்லை என்றால் கமரா. பளபளக்கும் இரண்டு மூன்று கறுப்புச் சாளரங்கள் என்றால் லேசர். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். முன் இலச்சினை இடைவெளியே இல்லாமல் வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடாக இருந்தால் அதன் பின்னால் ரேடார் இருக்கக்கூடும். சில கார்களில் அது பம்பரின் கீழ் வலைக்குள் இருக்கும்.

இந்த வித்தியாசம் முக்கியம். லேசர் மட்டும் உள்ள பழைய வேகன்ஆரும், தொடக்ககால வெசலும் ஏறத்தாழ மணிக்கு 5 முதல் 30 கிலோமீற்றர் வரைதான் தானாகப் பிரேக் பிடிக்கும். அதுவும் முன்னால் உள்ள வாகனத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. சந்தை நெரிசலில் உதவும். மாங்குளம் தாண்டி 70இல் போகும்போது அது கணக்கிலேயே இல்லை. 2015இல் விட்ஸுக்கு வந்த கமராவும் லேசரும் சேர்ந்த அமைப்பு 80 வரை வேலை செய்யும். ஆனால் அந்த முதல் அமைப்பும் நடந்துபோகிறவரை அடையாளம் காணாது.

2. விளக்கைப் பாருங்கள்

சாவியைத் திருப்பியதும், கார் படத்தோடு ‘ஓஃப்’ என்று காட்டும் மஞ்சள் விளக்கு சில விநாடி எரிந்து அணையவேண்டும். அணையாவிட்டால் யாரோ தானியங்கி பிரேக்கின் பொத்தானை அழுத்தி அதை நிறுத்தியிருக்கிறார்கள், அல்லது பழுது. பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். திரையில் ஜப்பான் எழுத்து வந்தால் கைபேசியின் மொழிபெயர்ப்புக் கமராவைக் காட்டினால் போதும்.

3. கண்ணைத் துடையுங்கள்

ஈரமான மென்துணியால் கமராவுக்கு முன்னுள்ள கண்ணாடியை வெளியே துடையுங்கள். செம்மண் வீதியில் ஓடினால் தினமும். காய்ந்த துணியால் தேய்த்தால் புழுதியே கண்ணாடியைக் கீறிவிடும். கறுப்புப் பெட்டியை மட்டும் கழற்றவேண்டாம்.

முறிகண்டிப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்துப் பூசை செய்தால் சந்தனத்தையும் குங்குமத்தையும் பொனட்டில் வையுங்கள். முன் இலச்சினையிலோ, கண்ணாடியின் மேல் நடுவிலோ வேண்டாம். ஈரச் சந்தனம் ரேடார் அலையை மங்கச்செய்யும். கண்ணாடியில் காய்ந்தால் கமரா குருடு. அந்த இடத்தில் சாமிப் படம், வெயில் மறைக்கும் ஒட்டுத்தாள், வீதிப்பதிவுக் கமரா எதுவும் கூடாது. ரேடாருக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பும் பூட்டவேண்டாம்.

4. மோதிப் பார்க்காமல் சோதியுங்கள்

அட்டைப்பெட்டியை வைத்து ஓட்டிப் பார்ப்பது வேண்டாம். அட்டையைக் கார் வாகனமாக எடுக்காமல் விடலாம். அதனால் எதுவும் தெரியவராது. ஆளை நிறுத்திப் பார்ப்பது எக்காரணம் கொண்டும் கூடாது. பல கார்களில் முன்னால் நின்ற வாகனம் நகர்ந்ததும் ‘பீப்’ என்று சொல்லும் வசதி உண்டு. ரயில் கடவையில் வரிசையில் நிற்கும்போது கவனியுங்கள். சத்தம் வந்தால் கண் திறந்திருக்கிறது. கோடு தாண்டும் எச்சரிக்கையை, கோடு தெளிவாக உள்ள ஏ9இல் வெறும் வீதியாக இருக்கும்போது 60க்கு மேல் பார்க்கலாம். சிக்னல் போடாமல் மெல்லக் கோட்டைத் தொட்டால் ஒலிக்கவேண்டும். கிறவல் வீதியில் ஒலிக்காதது பழுதல்ல, அங்கே கோடே இல்லை.

5. கண்ணாடி மாற்றினால்

டிப்பர் தெறித்த கல்லால் வெடித்த முன்கண்ணாடியை மாற்றும்போது, கமரா பூட்டும் தாங்கியோடு வரும் அதே மாதிரிக் கண்ணாடியைக் கேளுங்கள். பூட்டிய பிறகு கமராவின் குறியை ஸ்கானர் கொண்டு சரிசெய்யவேண்டும். சில கார்களுக்குச் சமதரையில் குறிப்பலகை வைத்து. சிலவற்றுக்குக் கோடுள்ள வீதியில் ஓட்டி. ரயர்க் காற்று சரியாக இருக்கவேண்டும். கமரா ஒரு பாகை திரும்பியிருந்தால் 50 மீற்றர் தூரத்தில் கிட்டத்தட்ட 90 சென்ரிமீற்றர் தள்ளிப் பார்க்கும். வீதியோரச் சைக்கிளைத் தன் பாதையில் என்று நினைக்கும், அல்லது தன் பாதையில் உள்ளதை விட்டுவிடும். ஸ்கானர் இல்லாத கராஜ் ‘தானாகச் சரிவரும்’ என்றால் வேறிடம் போங்கள்.

6. பார்க்காதவற்றை மனதில் வையுங்கள்

இந்த அமைப்புகளுக்குப் பழக்கியிருப்பது வாகனத்தின் பின்பக்கத்தையும், புதியவற்றுக்கு மனிதரையும் சைக்கிளையும். இரவில் சூடான தாரில் படுத்திருக்கும் மாடு, காட்டிலிருந்து இறங்கும் யானை, பின்விளக்கில்லாமல் வைக்கோல் ஏற்றிப்போகும் உழவு இயந்திரப் பெட்டி, ஒரு பக்கத் தாரில் காயப்போட்ட நெல், இவற்றுக்குப் பிரேக் பிடிக்கும் என்று நம்பவேண்டாம். மாரி மழையிலும் தைப் பனியிலும், மாலையில் எதிர்வெயில் அடிக்கும்போதும் கமரா தானே நின்றுவிடலாம். விளக்கு எரிந்து சொல்லும்.

கணக்கையும் பாருங்கள். தாழ்விளக்கு ஏறத்தாழ 40 மீற்றர் காட்டும். மணிக்கு 70இல் கார் ஒரு விநாடியில் 19 மீற்றர் ஓடும். கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்றால் 29 மீற்றர். காய்ந்த தாரில் நிற்க இன்னும் 27 மீற்றர் அளவில். 50இல் இரண்டும் சேர்ந்து 35 மீற்றர். ஆகவே ஓமந்தைக்கும் பரந்தனுக்கும் இடையில் இரவில் எதிரே வாகனம் வந்து விளக்கைத் தாழ்த்தினால், வேகத்தையும் 50க்குத் தாழ்த்துங்கள்.